கம்பி இல்லாத வீடா, கம்பியோடு சோலாரா? கார்த்திகை மழையை வைத்து ஒரு கணக்கு

ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலம் வாங்கி, அதில் சின்னதாக ஒரு வீடு கட்டி, ஈபி இணைப்பே வாங்காமல் முழுக்க சோலாரில் இருந்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இப்போது நிறையப் பேர். நல்ல ஆசைதான். முடியுமா என்றால், முடியும். ஆனால் அதற்கான கணக்கைப் பெரும்பாலும் பங்குனி, சித்திரை வெயிலை வைத்துப் போட்டுக் காட்டுகிறார்கள். தமிழ்நாட்டில் அதைப் போட வேண்டியது ஐப்பசியையும் கார்த்திகையையும் வைத்து. வடகிழக்குப் பருவமழையில் மூன்று நாள் வானம் திறக்காமல் கிடக்கும்போது வீடு எப்படி ஓடும்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டால் எந்த வகை சோலார் என்பது அநேகமாக முடிவாகிவிடும்.

சந்தையில் கிடைப்பவை நான்கு வகை. ஆன்-கிரிட்டில் பேட்டரி கிடையாது. பகலில் மிஞ்சும் மின்சாரம் ஈபி கம்பிக்குப் போகும், இரவில் அங்கிருந்து எடுத்துக்கொள்வோம், நெட் மீட்டர் இரண்டையும் கழித்துக் கணக்கு வைக்கும். ஆஃப்-கிரிட்டில் கம்பியே கிடையாது. பேனல், பேட்டரி, இன்வெர்ட்டர், அவ்வளவுதான். ஹைபிரிட் என்பது இரண்டும் சேர்ந்தது: பேட்டரியும் உண்டு, மிஞ்சுவதைக் கம்பிக்கும் அனுப்பும். நான்காவது வகை பிசியு. பேனலும் பேட்டரியும் வீட்டை ஓட்டும், போதாதபோது மட்டும் ஈபி கைகொடுக்கும், வெளியே எதையும் அனுப்பாது. விளம்பரங்களில் இது அதிகம் தென்படுவதில்லை. சில கடைகளில் இதையும் ஹைபிரிட் என்றே விற்கிறார்கள். அதனால் கொட்டேஷன் வாங்கும்போது "மிஞ்சுவது ஈபிக்குப் போகுமா, போகாதா" என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

ஒரு வீட்டின் ஒரு நாள்

நான்கு பேர் உள்ள, சிக்கனமான ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி ஃபேன் மூன்று, பத்து மணி நேரம் ஓடினால் 0.9 யூனிட். பழைய ஃபேனாக இருந்தால் இதுவே இரண்டு யூனிட்டைத் தாண்டும். ஆறு எல்இடி பல்பு ஐந்து மணி நேரத்துக்கு 0.3. சின்ன ஃபிரிட்ஜ் 0.8. டிவி 0.3. மிக்சி, கிரைண்டர் சேர்ந்து 0.2. வாஷிங் மெஷின் 0.2. வைஃபை நாள் முழுக்க எரிவதால் 0.2. லேப்டாப், போன் சார்ஜ் 0.3. ஒரு எச்பி மோட்டார் அரை மணி நேரத்துக்கு 0.5. மொத்தம் 3.7 யூனிட்.

இதோடு இன்னொன்றைச் சேர்க்க வேண்டும், பலரும் விட்டுவிடுவது இதைத்தான். எந்த விளக்கும் எரியாவிட்டாலும் இன்வெர்ட்டர் தான் விழித்திருக்கவே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். மூன்று, ஐந்து கிலோவாட் இன்வெர்ட்டர்களில் இது முப்பது முதல் ஐம்பது வாட் வரை இருக்கும். ஒரு நாளைக்கு 0.8 யூனிட் என்று வையுங்கள், ஒரு ஃபிரிட்ஜுக்கு ஆகிற மின்சாரம் அது. ஆக, நாளொன்றுக்கு 4.5 யூனிட்.

பட்டியலில் ஏசி இல்லை, கீசர் இல்லை, இண்டக்‌ஷன் அடுப்பு இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி ஓர் இரவுக்கு ஐந்து, ஆறு யூனிட் எடுக்கும். வீட்டில் மற்ற எல்லாம் சேர்ந்து ஆவதைவிட அது அதிகம், அதுவும் சூரியன் இல்லாத நேரத்தில். ஏசி இல்லாமல் தூக்கம் வராது என்பவர்கள் ஆஃப்-கிரிட்டை மறந்துவிடுவது நல்லது. அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வெந்நீருக்குத் தனியாக சோலார் வாட்டர் ஹீட்டர் வைத்துக்கொள்ளலாம். சமையலுக்கு கேஸ் இருக்கட்டும்.

தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக ஒரு நாளைக்கு நான்கு யூனிட் தரும். அதிகமாகத் தருவது கத்திரி வெயிலில் அல்ல. பேனலில் அச்சடித்திருக்கும் வாட், 25 டிகிரியில் சோதித்த அளவு. அதற்குமேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.35 சதவீதம் குறையும். மே மாதம் திருச்சி மொட்டை மாடியில் பேனல் அறுபது டிகிரிக்குச் சூடேறினால் பன்னிரண்டு சதவீதம் அங்கேயே போய்விடும். வெயிலும் இருந்து காற்றும் சற்றுக் குளிர்ந்திருக்கும் மாசி, பங்குனிதான் பேனலுக்கு ஏற்ற மாதங்கள்.

சரி, சராசரிப்படி பார்த்தால் 4.5 யூனிட் வீட்டுக்கு ஒன்றரை கிலோவாட் தாராளம். கார்த்திகையில் வானம் கட்டிக்கொண்டால் என்ன ஆகும்? கிலோவாட்டுக்கு ஒரு யூனிட் வந்தாலே பெரிது. மூன்று நாளில் வீட்டுக்கு வேண்டியது 13.5 யூனிட், ஒன்றரை கிலோவாட் தருவது 4.5 யூனிட். மீதி ஒன்பதும் பேட்டரியிலிருந்து வர வேண்டும். பத்து யூனிட் லித்தியம் பேட்டரி நிரம்பியிருந்தாலும் மூன்றாம் நாள் இரவு அடியில் போய் நிற்கும்.

அதே வீட்டில் மூன்று கிலோவாட் பேனல் இருந்தால், மூடிய வானத்திலும் மூன்று நாளில் ஒன்பது யூனிட் வந்துவிடும். பேட்டரியிடம் கேட்பது 4.5 யூனிட் மட்டும்தான். இன்றைய விலையில் கூடுதல் ஒன்றரை கிலோவாட் பேனலுக்கு ஆவது, கூடுதல் ஐந்து யூனிட் லித்தியம் பேட்டரிக்கு ஆவதில் பாதிகூட இருக்காது. மழைநாளுக்குப் பயந்து முதலில் பேட்டரியைக் கூட்டுவதுதான் வழக்கமாக இருக்கிறது. முதலில் கூட்ட வேண்டியது பேனலை.

இதற்கு ஒரு விலையும் உண்டு. மூன்று கிலோவாட் வருடத்துக்கு 4,300 யூனிட்டுக்கு மேல் தரக்கூடியது. நம் வீடு எடுத்துக்கொள்வது 1,640. மிச்சத்துக்குப் போக இடமில்லை. பேட்டரி காலை பதினொரு மணிக்கே நிரம்பிவிடும், அதன்பிறகு மாடியில் அடிக்கிற வெயிலெல்லாம் வீண். மூன்று மழைநாளுக்காக வருடம் முழுக்கப் பாதிக்கு மேற்பட்ட மின்சாரத்தைக் கைவிட வேண்டியிருக்கிறது. கம்பி இருந்திருந்தால் அது யாரோ ஒருவர் வீட்டில் ஃபேனைச் சுற்றியிருக்கும். எனக்கு ஆஃப்-கிரிட்டில் மனம் ஒப்பாத இடம் இதுதான், பணத்தைவிடவும்.

பணம்

மூன்று கிலோவாட் பேனல், நல்ல இன்வெர்ட்டர், பத்து யூனிட் லித்தியம் பேட்டரி, ஸ்டாண்டு, வயரிங், எர்த்திங் எல்லாம் சேர்த்து நாலு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பிராண்டைப் பொறுத்து ஐம்பதாயிரம் முன்னே பின்னே இருக்கும். பன்னிரண்டு வருடம் எந்தப் பழுதும் இல்லாமல் ஓடினாலும் வீட்டுக்குப் பயன்பட்ட யூனிட் ஒன்றுக்கு 20 ரூபாய் ஆகிறது.

இதே வீடு ஈபியில் ஓடினால்? இன்வெர்ட்டருக்கு ஆவது இல்லை என்பதால் இரண்டு மாதத்துக்கு 220 யூனிட். முதல் 100 யூனிட் இலவசம் போக, பில் 400 ரூபாய்க்குள் முடிந்துவிடும். வருடத்துக்கு 2,400 ரூபாய்கூட வராத இடத்தில் நாலு லட்சம் போடுவதைச் சேமிப்பு என்று சொல்லக் கூடாது. சுதந்திரம் வேண்டும், கம்பியை நம்பி இருக்க விருப்பமில்லை என்பவர்கள் அந்தக் காரணத்துக்காகவே செய்யலாம், அது அவரவர் விருப்பம். மாதச் செலவு மிச்சமாகும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

இந்தச் சின்ன வீட்டுக்கு ஆன்-கிரிட்கூடக் கட்டுப்படியாகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூன்று கிலோவாட்டுக்கு இரண்டு லட்சத்தை ஒட்டி ஆகும். பிரதமரின் 'சூர்ய கர்' திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000 என்று மொத்தம் 78,000 ரூபாய் மானியம் கிடைக்கும். அதற்குமேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் அதே 78,000தான். மானியம் போக லட்சத்துக்கு மேல் கையிலிருந்து போட்டு, வருடம் இரண்டாயிரத்துச் சொச்சம் மிச்சப்படுத்தினால் முதலைத் திரும்ப எடுக்கப் பல பத்தாண்டுகள் ஆகும்.

இரண்டு ஏசி, வயதான பெற்றோர், வீட்டிலிருந்தே வேலை என்று இரண்டு மாதத்துக்கு 900 யூனிட் ஓடுகிற வீட்டுக்குக் கதையே வேறு. தமிழ்நாட்டில் 500 யூனிட்டைத் தாண்டியதும் யூனிட் விலை எட்டு ரூபாய்க்கு மேல் போய்விடும், 1,000-ஐத் தாண்டினால் பதினொரு ரூபாய்க்கும் மேல். அந்த வீட்டின் பில் ஆறாயிரத்தை நெருங்கும். மூன்று கிலோவாட் ஆன்-கிரிட் இரண்டு மாதத்தில் 700 யூனிட்டைக் கழித்துவிட்டால் சில நூறு ரூபாய்தான் கட்ட வேண்டிவரும். நாலு வருடத்துக்குள் போட்ட பணம் வந்துவிடும். இப்படிப்பட்ட வீட்டுக்காரர்கள் இன்னும் போடாமல் இருந்தால் இந்த வாரமே விண்ணப்பிக்கலாம், யோசிக்க ஒன்றுமில்லை. மானியத்துக்கு உள்நாட்டில் தயாரான செல் உள்ள பேனல்தான் வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கம்பியோடு சேராத ஆஃப்-கிரிட்டுக்கு இந்தத் திட்டத்தில் மானியமே கிடையாது.

கரண்ட் போனால்

ஆன்-கிரிட் போட்ட பலர் முதல் மின்வெட்டன்று அதிர்ந்துபோகிறார்கள். உச்சி வெயில், மாடியில் பேனல் பளபளக்கிறது, வீட்டில் ஃபேன் ஓடவில்லை. இது பழுது அல்ல. கம்பியில் மின்சாரம் நின்றதும் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் தானாக அணைந்துவிட வேண்டும் என்பது விதி. இல்லாவிட்டால் லைன் ஆஃப் ஆகிவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் லைன்மேன் மீது உங்கள் வீட்டு மின்சாரம் பாயும். விதி சரியானது. வாங்கும்போதே இதை எடுத்துச் சொல்லாமல் விடுவதுதான் தவறு.

இலங்கையில் 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை போனது. கூரையில் ஆன்-கிரிட் சோலார் வைத்து மாதம் மாதம் வருமானம் பார்த்தவர்களுக்கும் மின்வெட்டு நேரத்தில் அந்தப் பேனல் உதவவில்லை. மூன்று வருடம் கழித்து நேர்மாறான சிக்கல் வந்தது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின் தேவை குறைந்துபோக, பகலில் கூரை சோலாரை அணைத்து வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. கம்பியை நம்பிய சோலார் கம்பியின் நல்லது கெட்டது இரண்டிலும் பங்கெடுக்கும்.

நம் பக்கம் டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2018 நவம்பர் 16 அன்று கரையேறிய கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. நாகப்பட்டினம், தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருவாரூர் கிராமங்களில் வாரக்கணக்கில் இருட்டு. தண்ணீர் மோட்டார் ஓடவில்லை, போன் சார்ஜ் போட வழியில்லை. அப்படிப்பட்ட ஊர்களில் பேட்டரி இல்லாத சோலாரை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பேட்டரி சின்னதாக இருந்தாலும் போதும். இரண்டு ஃபேன், நான்கு விளக்கு, போன், முடிந்தால் ஃபிரிட்ஜ். புயல் கடந்த மறுநாளே பெரும்பாலும் வெயில் வந்துவிடும், பேனல் பிய்த்துக்கொண்டு போகாமல் இருந்தால். அதனால் கடலோரத்தில் ஸ்டாண்டுக்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள். நன்றாக கால்வனைஸ் செய்த இரும்பு, காங்கிரீட்டில் ஆழமாகப் பிடித்த போல்ட்டு, அந்தப் பகுதியின் புயல் காற்றுக்குக் கணக்கிட்ட வடிவம் மூன்றும் வேண்டும்.

2012 வாக்கில் சென்னைக்கு வெளியே பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாக மின்வெட்டு இருந்த காலத்தில் பெரும்பாலான நடுத்தர வீடுகளில் இன்வெர்ட்டரும் ஈய வகையான 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி ஒன்றும் வந்து உட்கார்ந்தன. அப்படி ஏற்கெனவே இன்வெர்ட்டர் உள்ள, பில் குறைவாக வரும் வீடுகளுக்கு பிசியு வகைதான் பொருத்தம் என்பது என் எண்ணம். ஒரு கிலோவாட், ஒன்றரை கிலோவாட் பேனல், இருக்கிற பேட்டரியோடு இன்னொன்று. நெட் மீட்டர் தேவையில்லை. பகலில் வீடு வெயிலில் ஓடும். கரண்ட் போனாலும் ஓடும். மழைக்காலத்தில் ஈபி பார்த்துக்கொள்ளும், அதனால் மூன்று மழைநாளுக்கென்று எதையும் பெரிதாக்க வேண்டியதில்லை. ஐப்பசி பிறந்ததும் செட்டிங்கில் போய், பேட்டரி பாதிக்கு இறங்குவதற்குள் ஈபிக்கு மாறும்படி வைத்துவிட்டால் பேட்டரியும் நீடிக்கும்.

ஹைபிரிட் விலை கூடியது. மூன்று கிலோவாட்டும் ஐந்து யூனிட் லித்தியமும் சேர்ந்தால் மூன்று லட்சத்தைத் தாண்டும். மானியம் பேனலுக்கு மட்டும்தான், பேட்டரிக்குக் கிடையாது. பில்லும் பெரிது, மின்வெட்டும் அதிகம் என்ற வீட்டுக்கு அது சரி. நெட் மீட்டருக்கு விண்ணப்பிக்கும் முன் உங்கள் பிரிவு அலுவலகத்தில் பேட்டரி உள்ள இன்வெர்ட்டர் என்று சொல்லியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பேட்டரி

ஈய பேட்டரியா, லித்தியமா என்ற கேள்விக்கும் மழைதான் பதில் சொல்கிறது. 12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி ஒன்றில் 1.8 யூனிட் இருக்கும், ஆனால் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும். அதைவிட முக்கியம், ஈய பேட்டரி அடிக்கடி முழுதாக நிரம்ப வேண்டும். அரைகுறை சார்ஜில் நாள்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். கம்பி இல்லாத வீட்டில் கார்த்திகை மாதம் நடப்பது சரியாக இதுவேதான். சூட்டாலும் பாதிப்பு உண்டு. சராசரி வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பேட்டரிக்காரர்களின் பொதுக் கணக்கு. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் காற்றோட்டமில்லாத அறையில் வைக்கக் கூடாது.

எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை லித்தியத்துக்கு அரைகுறை சார்ஜ் ஒரு பொருட்டே இல்லை. கொள்ளளவில் எண்பது, தொண்ணூறு சதவீதம் வரை எடுக்கலாம், ஆயிரக்கணக்கான சார்ஜ் சுற்று தாங்கும், டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றும் வேலை இல்லை. ஆகவே முழு ஆஃப்-கிரிட் என்றால் லித்தியம்தான். ஈபி துணையிருக்கும் பிசியுவுக்கு டியூபுலர் போதும். பழுதானால் பக்கத்து டவுனில் அன்றைக்கே மாற்றலாம், பழையதைக் கொடுத்தால் ஈயத்துக்கு விலையும் கிடைக்கும். லித்தியத்தில் உள்ளே இருந்து பேட்டரியைக் கட்டுப்படுத்தும் பிஎம்எஸ் பலகை போய்விட்டால் கம்பெனி ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். மலையில் இருப்பவர்கள் இதைக் கணக்கில் வைத்து, ஒரே பெரிய பேட்டரிக்குப் பதிலாக ஐந்து யூனிட்டில் இரண்டு வாங்கினால் ஒன்று போனாலும் மற்றொன்று வீட்டைப் பார்த்துக்கொள்ளும்.

கம்பி வராத இடங்கள்

கொல்லிமலை, ஜவ்வாது மலை, பழனி மலைச் சரிவு போன்ற பகுதிகளில் வீட்டுக்கும் கடைசிக் கம்பத்துக்கும் நடுவே காப்புக்காடு இருந்தால் வனத்துறை அனுமதி இல்லாமல் கம்பி இழுக்க முடியாது. சமவெளியிலும் பல கம்பங்களும் ஒரு டிரான்ஸ்பார்மரும் போட்டால்தான் இணைப்பு என்றால் எஸ்டிமேட் லட்சங்களில் வரலாம். அந்த எஸ்டிமேட்டும் ஆஃப்-கிரிட் செலவும் ஒன்றை ஒன்று நெருங்கும் இடத்தில்தான் ஆஃப்-கிரிட் நியாயமான தேர்வாகிறது. ஆகவே பேனல் கடைக்குப் போகும் முன் மின்வாரியத்தில் எழுத்தில் எஸ்டிமேட் வாங்குங்கள். இரண்டு மூன்று கம்பத்தில் வேலை முடியுமென்றால் இணைப்பை வாங்கி பிசியு வைப்பதே மேல். தோட்டத்தில் விவசாய இலவச மின் இணைப்பு இருக்கிறதே, அதிலிருந்து வீட்டுக்கு ஒரு வயர் இழுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அது விதிமீறல், அபராதம் வரும்.

யாழ்ப்பாணத்துக்கு அப்பால் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இந்திய நிதியுதவியில் அமைக்க 2024-இல் ஒப்பந்தமான மின் திட்டத்தைப் பாருங்கள். சோலார் 1,700 கிலோவாட், காற்றாலை 530 கிலோவாட், பேட்டரி 2,400 கிலோவாட்-மணி, அதாவது 2,400 யூனிட். இவ்வளவும் போட்டுவிட்டு, மாற்று ஏற்பாடாக 2,500 கிலோவாட்டுக்கு டீசல் ஜெனரேட்டரையும் சேர்த்திருக்கிறார்கள். தீவுக்கே அப்படி என்றால் தனி வீட்டுக்கும் ஒரு சின்ன ஜெனரேட்டர் இருப்பதில் தவறே இல்லை. நான்காம், ஐந்தாம் மழைநாளுக்காக இன்னொரு ஐந்து யூனிட் பேட்டரி வாங்குவதைவிட இரண்டு கிலோவாட் பெட்ரோல் ஜெனரேட்டர் மலிவு. வருடத்துக்குச் சில மணி நேரம் ஓட்டினால் போதும். முழுப் பசுமையாக இருக்க வேண்டும் என்பவர்களுக்கு இது உறுத்தலாம். ஆனால் வருடத்தில் அரைநாள் ஓடும் ஜெனரேட்டரைவிட, பெரும்பாலான நாள் தேவைப்படாத பேட்டரிக்காகக் கனிமங்களைத் தோண்டி எடுத்துத் தயாரிப்பது மண்ணுக்குக் கூடுதல் சுமை என்றே நான் நினைக்கிறேன்.

தண்ணீரை வீட்டு சோலாரிலிருந்து பிரித்துவிடுவதும் பெரிய உதவி. மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது எடுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு கரண்ட் கேட்கும், அந்த ஒரு நொடிக்காக இன்வெர்ட்டரைப் பெரிதாக வாங்க வேண்டியிருக்கும். தனிப் பேனலில் நேராக ஓடும் சோலார் பம்பு வைத்து, வெயிலிருக்கும்போது மேல்நிலைத் தொட்டியை நிரப்பிவிட்டால் இரவுக்குத் தேவையானது தொட்டியிலேயே சேமிப்பாக இருக்கும். பாசனத்துக்கு என்றால் தமிழ்நாட்டில் விவசாயிகளுக்கு சோலார் பம்புக்கு 60 சதவீத மானியம் இருக்கிறது. வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் வீடு கட்டும்போதே மூன்று வேலைகளை முடித்து வையுங்கள். விளக்கு, ஃபேன், ஃபிரிட்ஜ், வைஃபை ஒரு சர்க்யூட்டிலும், ஏசி, கீசர், மோட்டார் வேறு சர்க்யூட்டிலும் போகும்படி வயரிங்கைப் பிரித்துவிடுங்கள். மாடியிலிருந்து இன்வெர்ட்டர் வைக்கப்போகும் இடம்வரை ஒரு காலி பைப்பைச் சுவருக்குள் இறக்கிவிடுங்கள். சோலாருக்கென்று தனியாக எர்த் குழியும் இடிதாங்கிக்கு ஒரு குழியும் தோண்டிவிடுங்கள். கட்டும்போது இதற்கெல்லாம் ஆகும் கூடுதல் செலவு சில ஆயிரம்தான். குடிவந்த பிறகு என்றால் பூசிய சுவரைக் கொத்த வேண்டும்.